கசடு மேலே மிதக்கும்

எதைச் சுத்தம் செய்தாலும் அழுக்கு அடியில்தான் போய்த் தங்கும் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். இதில் என் குற்றம் அதிகமில்லை. நான் திருப்பூர்க்காரன். எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைத் தொட்டியில் அழுக்கு அடியில் படியும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும் அடியில்தான். காங்கேயத்தில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை டின்னில் ஊற்றி வைத்தாலும் மண்டி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

ஆகவே ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில் இருக்கும் ஒரு செம்பு உருக்காலையிலிருந்து, ‘உலையில் கொதிக்கும் கசடு தெறித்து ஒரு தொழிலாளிக்குத் தோளில் காயம்’ என்று மின்னஞ்சல் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கசடு உலையின் அடியில் அல்லவா கிடக்கும்? அது எப்படித் தோளுக்கு வரும்? ஆள் தலைகீழாக நின்றிருந்தால்தான் உண்டு. யாரோ கதை விடுகிறார்கள் என்று முடிவு செய்து ஒரு டீ சொல்லிக் குடித்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் அந்த மாதத்தில் நான் நிம்மதியாக இருந்த நேரம்.

மின்னஞ்சலின் மீதிப் பகுதி இது: ‘காயம்பட்டவர் கோட்டுக்கு உள்ளே அணிந்திருந்த பனியன் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி உருகாது. நீங்கள் அனுப்பியது நூற்றுக்கு நூறு பருத்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற பனியன்களின் துணியைச் சோதித்தோம், பருத்திதான். விளக்கம் தேவை.’

எனக்குப் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்ன பனியன் கம்பெனி. அந்த உருக்காலையில் உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு உள்பனியன் தைத்து அனுப்பியது நான்தான். உலைச் சூட்டில் பருத்தி கருகும், அவ்வளவுதான். பாலியஸ்டர் பாகு மாதிரி இளகி உடம்பில் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே பருத்தியைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகளிடம் போனில் ஒரு நகைச்சுவையாக இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, உருக்குற உலையில கசடு மேலதாம்ப்பா மிதக்கும். உலோகம் கனம், அது அடியில போயிரும். பால் மேல ஆடை மாதிரி. தெறிச்சா அதுதான் மொதல்ல தெறிக்கும்.”

நேராகத் தையல் பகுதிக்குப் போனேன். அங்கே மேற்பார்வை செல்லையா. தூத்துக்குடிப் பக்கம். இருபது வருடமாக என்னிடம் இருக்கிறார்; என்னைவிட அவருக்குத்தான் இது சொந்தக் கம்பெனி.

“செல்லையா, ஜாம்பியா ஆர்டருக்கு என்ன நூல்ல தச்சோம்?”

“துணி காட்டன்தான அண்ணாச்சி.”

“துணியக் கேக்கல. தையல் நூலு.”

அவர் தலையைச் சொறிந்தார். “பாலியஸ்டரு. காட்டன் நூலு ஓவர்லாக் மிசின்ல நிமிசத்துக்கு ஒருக்க அந்து போயிட்டுல்லா. நான் ஒங்ககிட்டக் கேட்டேம்லா, மாத்திரட்டுமான்னு? நீங்க போனு பேசிக்கிட்டே தலைய ஆட்டுனீய.”

ஆட்டியிருப்பேன். எங்கள் ஊரில் நூற்றுக்கு நூறு பருத்தி என்றால் துணி பருத்தி என்று பொருள். தையல் நூலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சாம்பாரில் உப்பு மாதிரி. போட்டோமா என்றுதான் கேட்போம், எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்க மாட்டோம். வீட்டுக்குள் விசிறிக்கடியில் போடும் பனியனுக்கு அது சரி. உலைக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கு, இரண்டு தோளின் மேலும் உருகக் காத்திருக்கும் இரண்டு கோடுகள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ராஜாமணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, மத்தவியெல்லாம் இன்னமும் அதையத்தானுங்களே போட்டுட்டு நிப்பாங்க? ஒரு போனப் போட்டு, மொதல்ல கழட்டச் சொல்லீருங்க.”

“இதெல்லாம் போன்ல சொல்ற சமாச்சாரமா? நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை.”

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போனில் அழைத்தால் பங்காளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேரில் போய், சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, மழை தண்ணி விசாரித்து, அப்புறம்தான் விஷயம். அந்த மரியாதையைத்தான் நான் கடைப்பிடிப்பதாகச் சொன்னேன். உண்மையில் எனக்கு உதறல். போனில் சொன்னால் உடனே சொல்ல வேண்டியிருக்கும். நேரில் போனால் நான்கு நாள் தள்ளிப் போடலாம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆப்பிரிக்காவே பரவாயில்லை என்று கிளம்பினேன்.

முதல் நாள், நான் போய்ச் சேர்ந்தேன். என் பெட்டி வரவில்லை. அதில் என் துணிமணிகள், இரண்டு கிலோ முறுக்கு, பருத்தி நூலில் புதிதாகத் தைத்த ஒரு டஜன் பனியன், எல்லாம் இருந்தன. என்னிடம் மிஞ்சியது உடம்பில் கிடந்தது மட்டும்: ஒரு சட்டை, ஒரு பேண்ட், உள்ளே ஒரு பனியன். திருப்பூர்க்காரன் பனியன் காசு கொடுத்து வாங்க மாட்டான். கிளம்புகிற அவசரத்தில் கம்பெனி அலமாரியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். விமான நிலையக் கழிப்பறையில் காலரை விலக்கிப் பார்த்தேன். அதே ஜாம்பியா ஆர்டரில் மிச்சமான பீஸ்.

என்னை அழைத்துப் போக ஆலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் கென்னடி. ஒல்லியான, நிதானமான மனிதர். கை குலுக்கும்போது இடது கையால் தன் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அது அங்கே மரியாதை. எனக்கு விபூதி வாங்குகிற ஞாபகம் வந்து நானும் அதே மாதிரி நின்றேன். இருவரும் ஒருவருக்கொருவர் பிரசாதம் கொடுத்துக்கொள்வது போல் சற்று நேரம் நின்றோம்.

கார் ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியானது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் கவலையோடு ஏதோ சொன்னது.

“என்ன சொல்கிறது?” என்றேன்.

“தெரியாது. ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓடுகிறது.”

நாற்பது நிமிடத்தில் வண்டி நின்றது. ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. அந்தப் பெண் இதைத்தான் ஆறு வருடமாகச் சொல்லியிருக்க வேண்டும். சாலையோரம் செம்மண்; உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புகளைக் கழித்துவிட்டால் மண் கிட்டத்தட்ட நம் மண் நிறம்தான். ஆனால் கரையான் புற்றுகள் வீட்டு உயரம். நம் ஊராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உண்டியல் வைத்திருப்போம். எங்களைத் தாண்டி லாரிகள் போயின. ஒவ்வொன்றிலும் செம்புத் தகடுகள் அடுக்கடுக்காக, ரோஸ் நிறத்தில், வெயிலில் மினுங்கின.

இஞ்சின் ஆறும்வரை கென்னடி சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தந்தார். சாதாரணமாகக் கேட்டார்: “முலெங்கா விஷயமாகத்தானே வந்திருக்கிறீர்கள்?”

முலெங்கா என்பதுதான் காயம்பட்டவரின் பெயர். கடித்த சோளத்தை அவசரமாக விழுங்கினேன். “எப்படி இருக்கிறார்?”

“தோள்தான். பிழைத்துக்கொண்டார். எங்கள் சர்ச்சில் பாடுகிறவர். பாட்டுக்குத் தோள் எதற்கு?” என்று சிரித்தார். பிறகு, “என் தம்பிக்கும் அதே ஷிப்ட்தான். உங்கள் பனியன் போட்டிருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்கிறான்” என்றார்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘தம்பிக்குப் போன் போடுங்கள், கழற்றச் சொல்லுங்கள்’ என்றுதானே? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ரொம்ப நன்றி” என்றேன்.

இரண்டாம் நாள் ஆலைக்குப் போனேன். ஊர் பெயரையும் ஆலை பெயரையும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாசலிலேயே தொண்டையில் ஊசி குத்துவது போல் ஒரு நெடி. கந்தகம். எங்கள் ஊர் பிளீச்சிங் பட்டறை நெடி மூக்கில் ஏறும். இது நேராகத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்களும் எங்களைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பாதுகாப்பு அதிகாரி மிஸஸ் பண்டா. அறுபதை நெருங்குகிற, கனத்த, சிரிக்காத பெண்மணி. அவர் மேசையில் கோப்புகளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போல் ஒரு கட்டி கிடந்தது.

“இதுதான் கசடு” என்றார். “ஆறிப் போனது. கையில் எடுத்துப் பாருங்கள்.”

நான் எடுக்கவில்லை. அது என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

வாயைத் திறந்தேன். “மேடம், அந்தப் பனியன் விஷயமாக…” மின்சாரம் போய்விட்டது. அலுவலகம் இருண்டு, ஜெனரேட்டர் உறுமி, மீண்டும் வெளிச்சம் வருவதற்குள் என் தைரியமும் போயிருந்தது. கரண்டு போனதற்கு மனதார நன்றி சொன்ன ஒரே பனியன் கம்பெனிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

“நாளை உலைத்தளத்துக்கு வந்து பாருங்கள். பார்த்துவிட்டு விளக்கம் சொல்லுங்கள்” என்றார் அவர். “இன்று பாதுகாப்புப் பாடம்.”

பாடம் என்பது அரை நாள் வீடியோ. அதிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தாதுப்பொடியில் செம்போடு இரும்பும் கந்தகமும் பின்னிக் கிடக்கின்றன. அதை உலையில் போட்டுக் காற்றை ஊதி உருக்கும்போது கூடவே மணலைப் போடுகிறார்கள். சாதாரண வெள்ளை மணல். காற்றுப் பட்ட இரும்பு மணலைக் கண்டதும் செம்பைக் கைவிட்டு அதோடு சேர்ந்துகொள்கிறது. நல்ல தரகர் வேலை. இரண்டும் சேர்ந்த குழம்புதான் கசடு. இலேசானது, மேலே மிதக்கிறது. செம்பு கனத்த குழம்பாகக் கீழே இறங்குகிறது. உலையில் இரண்டு துவாரம்: மேலே இருப்பது கசட்டுக்கு, கீழே இருப்பது செம்புக்கு. வீடியோவில் இதைப் படம் வரைந்து காட்டியபோது என் மகள் திருப்பூரிலிருந்தே என் தலையில் குட்டியது போலிருந்தது.

மதியம் கேன்டீனில் ‘ன்ஷிமா’ என்று ஒன்று தந்தார்கள். வெள்ளைச் சோளமாவுக் களி. நம் கம்பங்களியின் வெளுத்த அண்ணன். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் சுற்றி வந்தது. கையாலேயே உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி பண்ணி, நிலக்கடலை போட்டு வேகவைத்த கீரையைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். திருப்பூர்க்காரன் ஒருவனுக்குக் களி உருட்டச் சொல்லித் தர ஆறு பேர் கூடினார்கள். நான் உருட்டியதைப் பார்த்து ஒருவர், “இவர் எங்கள் ஆள், எங்கேயோ தொலைந்து போயிருந்தவர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மேசையில் இருந்த ஆறு பேரின் கழுத்தோரத்திலும் நான் தைத்த வெள்ளைப் பட்டி தெரிந்தது. மூன்றாவது உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் விடுதி அறையில் ஒரு நப்பாசை. செல்லையா தப்பாகச் சொல்லியிருக்கலாமே? எங்கள் ஊரில் நூலைப் பார்த்து எடை போட மாட்டோம், கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு, நுனியில் கடுகு மாதிரி ஒரு முடிச்சு விழும். பனியனைக் கழற்றிக் கீழ் மடிப்புத் தையலிலிருந்து ஒரு விரல் நீளம் நூலைப் பிரித்துத் தீக்குச்சியைக் காட்டினேன்.

கடுகுதான். சந்தேகத்துக்கு இன்னொரு நூல். இன்னொரு கடுகு. ஐந்தாவது கடுகின்போது கூரையிலிருந்த புகை மணி அலறியது. விடுதிப் பெண் ஓடி வந்து கதவைத் திறந்தபோது நான் இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாமல், கையில் தீப்பெட்டியோடு, கட்டில் மேல் ஒரு பனியனை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

“உங்கள் மதத்தில் இது மாலைப் பிரார்த்தனையா?” என்று அவள் பணிவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முருகன் மன்னிப்பார்.

ராஜாமணி போனில் வந்தாள். “சொல்லிப்போட்டீங்களா?”

“கரண்டு போயிருச்சு.”

“கரண்டு இல்லீனா வாயுமாங்க வேலை செய்யாது?” என்றாள். “அங்க நிக்கறவியளுக்கும் ஊடு வாசல் இருக்குதுங்க. நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள சொல்லலீன்னா, நானே அந்தம்மாளுக்குப் போன் போட்டுருவன். எனக்கு இங்கிலீசு வராதுன்னு நெனைக்காதீங்க. புள்ள இருக்கறா.”

மூன்றாம் நாள். உலைத்தளத்துக்கு ஏறும் முன் உடை மாற்றும் அறையில் வெள்ளி நிறக் கோட்டு, கனத்த பூட்ஸ், முகக்கண்ணாடி வைத்த தொப்பி எல்லாம் மாட்டினார்கள். மிஸஸ் பண்டா என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

“உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?”

“பனியன்.”

“பருத்திதானே?”

“உங்களுக்கு அனுப்பியதேதான்” என்றேன். பொய் இல்லை.

“நல்லது” என்றார். முதல் முறையாகப் புன்னகைத்தார். “தன் சரக்கைத் தானே போட்டுக்கொண்டு உலைக்கு வருகிற வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன்.”

மேலே போனோம். சூடு என்று நாம் வீட்டில் சொல்கிற எதுவும் அதற்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நின்றவன்தான் நான். அதெல்லாம் தென்னை நிழல். முகக்கண்ணாடிக்கு உள்ளேயே மூச்சு கொதித்தது. ஒருவர் நீளக் கம்பியால் மேல் துவாரத்தின் களிமண் அடைப்பைக் குத்தினார். மூன்றாவது குத்தில் திறந்தது. ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு ஓடை, தண்ணீரைப் போலவே, ஆனால் தண்ணீரை விட அவசரமாக, வாய்க்காலில் இறங்கிப் பெரிய கொப்பரைக்குள் விழுந்தது. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல். பார்க்க அத்தனை அழகு. விழும் இடத்தில் பொறிகள் தெறித்தன. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் காலரைத் தளர்த்திக் காற்று விட்டுக்கொண்டார்.

அப்போது என் வலது தோளில் ஒரு கோடு சுட்டது. சரியாகத் தையல் ஓடுகிற இடத்தில். அப்புறம் இடது தோளில். எனக்குத் தெரிந்துவிட்டது: நூல் உருக ஆரம்பித்துவிட்டது, கடுகு கடுகாக, நூற்றுக்கணக்கில். திருப்பூர் மயானத்தில் செல்லையா மாலையோடு நிற்பது வரைக்கும் பார்த்துவிட்டேன்.

“நூலு பாலியஸ்டருங்க!” என்று கத்தினேன். தமிழில். “கழட்டச் சொல்லுங்க! எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க!”

மிஸஸ் பண்டா காதில் அடைப்பு. உலை இரைச்சல் வேறு. கட்டை விரலை உயர்த்தி, ‘ஆமாம், அழகாகத்தான் இருக்கிறது’ என்பது போல் தலையசைத்தார். நான் கோட்டைக் கழற்றப் போனேன். அது தெரிந்ததும் அவர் என் கையை இரும்புப் பிடியாகப் பிடித்துத் தரதரவென்று படியிறக்கிக் கீழே கொண்டுவந்தார். அங்கே தொப்பியை எடுத்து, காதடைப்பை எடுத்து, “என்ன?” என்றார்.

இந்த முறை கரண்டு போகவில்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். துணி பருத்தி, தையல் நூல் பாலியஸ்டர், எல்லாப் பனியனிலும் அப்படித்தான், எனக்கு ஊரிலேயே தெரியும்.

“ஊரிலேயே தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தனை நாளாக?”

“ஆறு நாள்.”

அவர் திட்டவில்லை. சுவரில் இருந்த போனை எடுத்தார். அவர்கள் மொழியில் நான்கைந்து வாக்கியம். உலைத் துவாரத்தை அடைத்தார்கள். தளத்தில் இருந்தவர்கள் வரிசையாக இறங்கி உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். பழைய பருத்திச் சட்டைகள் எங்கிருந்தோ மூட்டையாக வந்தன. என் பனியன்கள் ஒவ்வொன்றாக ஒரு இரும்புப் பீப்பாயில் விழுந்தன. கென்னடியின் தம்பி தன்னுடையதை மடித்துத்தான் போட்டான். “இவ்வளவு மெத்தென்று இருந்ததே” என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டான். ஏதோ என் வீட்டில் துக்கம் போல.

கழற்றிய என் பனியனைப் பார்த்தேன். தோள் தையல் அப்படியே இருந்தது. தோளில் சுட்டது என் வியர்வை.

அன்று முழுவதும் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். எதிரே கடைசிச் சுத்திகரிப்பு உலை. அதற்குள் பச்சை யூகலிப்டஸ் மரத்தை முழுசு முழுசாக நுழைத்துக்கொண்டிருந்தார்கள். செம்பில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பச்சை மரத்திலிருந்து வரும் வாயு இழுத்துக்கொண்டு போய்விடுமாம். உலகமெல்லாம் கணினி வந்த பிறகும் அங்கே ஒருவர் மரத்தைக் குத்துகிறார், இன்னொருவர் கரண்டியில் செம்பை மோந்து, ஆறவிட்டு, மேற்பரப்பைப் பார்த்து, ‘இன்னும்’ என்கிறார். நான்கு முறை ‘இன்னும்’ என்றார். ஐந்தாவது முறை தலையாட்டினார். பார்த்த பிறகு ஆட்டினார், என்னை மாதிரி போன் பேசிக்கொண்டு இல்லை.

ராஜாமணிக்குப் போன் போட்டேன். “சொல்லீட்டன்.”

“சாப்ட்டீங்களா?” என்றாள்.

நான்காம் நாள் காலை மிஸஸ் பண்டா ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். என் பனியனின் தோள் பகுதியைச் சூடான கசட்டில் வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். துணி கருகி உதிர்ந்திருந்தது. தையல் மட்டும் கெட்டியாக, பளபளவென்று ஒரு கறுப்புக் கோடாக நின்றது. அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு, “வாருங்கள், முலெங்காவிடம் நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

மருத்துவமனைக் கட்டிலில் முலெங்கா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர். வலது தோளிலிருந்து மார்பு வரை கட்டு. பக்கத்தில் மனைவி. ‘முலி ஷானி’ என்று அவர்கள் மொழியில் நலம் விசாரிக்க கென்னடி கற்றுத் தந்திருந்தார், சொன்னேன். பிறகு மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். பனியன் தைத்தவன் நான்தான், நூல் என் தவறு, மன்னிக்க வேண்டும்.

முலெங்கா மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

“எந்தப் பனியன்?” என்றார் முலெங்கா.

“உங்களுக்கு ஆலையில் கொடுத்தது. வெள்ளை.”

“அதுவா?” அவர் குரலைத் தாழ்த்தினார், மிஸஸ் பண்டாவுக்குக் கேட்கக் கூடாதாம், அவர் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். “அதை நான் போடவில்லை. இவள் எடுத்து வைத்துவிட்டாள். சர்ச்சில் பாடும்போது கோட்டுக்கு உள்ளே போட நன்றாக இருக்கிறதாம். அன்று நான் போட்டிருந்தது கால்பந்து ஜெர்சி.”

“ஜெர்சி” என்றார் மிஸஸ் பண்டா.

“நைலானோ என்னவோ” என்றார் முலெங்கா. “ஆம்புலன்ஸில் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விதியை மீறினேன் என்று வேலை போய்விடும் என்று பயம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஆறு நாளும் நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் எழுந்து போய்விட்டது போல் இருந்தது. முலெங்காவும் சிரித்தார், தோள் வலித்ததும் நிறுத்தினார். அவர் மனைவி எனக்கு ஒரு கை வேர்க்கடலை தந்தார். கடலையைத் தின்றுகொண்டே மிஸஸ் பண்டாவிடம், “அப்படியானால் என் பனியனால் ஒன்றும் நடக்கவில்லை?” என்றேன். கொஞ்சம் குஷியாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். விபத்து நடந்ததுமே அந்த ஷிப்டில் மீதமிருந்த எல்லோரையும் நிறுத்தி, கோட்டுக்கு உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று சோதித்து எழுதியிருந்தார். பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

நடந்தது இவ்வளவுதான். முலெங்கா மேல் உருகி ஒட்டியது என் பனியன் இல்லை. அன்று அதே உலைக்கு முன்னால் நின்ற மற்ற பதினொரு பேரும் போட்டிருந்தது என் பனியன். அவர்கள் மேல் எதுவும் தெறிக்கவில்லை.